செண்பகம் தைத்ததாகச் சொன்ன சட்டை

19-1-61, வியாழன்

பனி. ஏழரை மணி வரை எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை. பாப்பாவுக்கு இருமல். வெற்றிலைச் சாறு கொடுத்தேன், என் புடவையிலேயே துப்பினாள்.

இன்றைய வேலை: டீச்சரம்மா ரவிக்கை இரண்டு (கை மடிப்பு மட்டும் பாக்கி). பாப்பா கவுனுக்கு லேஸ். மிஷினுக்கு எண்ணெய். உளுந்து ஊறப்போட.

இவர் மண்டிக்குக் கிளம்பும்போது வெள்ளை பாப்ளின் துணி ஒன்றைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டார். முழுக்கைச் சட்டை. அளவை வாயால் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன்.

"தெச்சு வை. காஜா மட்டும் நல்லா நீட்டா மிஷின்ல போடு. ஞாயித்துக்கெழமைக்கு வேணும்."

அவ்வளவுதான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்குக் கணக்கு எழுதுகிற மனிதர், வீட்டில் பேச்சையும் கணக்காகத்தான் செலவு செய்வார்.

மாலையில் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். திண்டிவனம். ரெடிமேட் சட்டைக் கடை வைத்திருக்கிற குடும்பம். சட்டை மாப்பிள்ளைக்கு. இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா? இருந்தாலும் நல்ல காரியம். செண்பகம் இவருக்கு ஒரே தங்கை. மனதாரத் தைத்துக் கொடுக்கலாம்.

20-1-61, வெள்ளி

சட்டை உடம்பு முடிந்தது. காலர் முடிந்தது. பட்டன் நுழைகிற காஜா மட்டும் மத்தியானம், பாப்பா தூங்கிய பிறகு.

பாப்ளின் மெல்லிசு. அப்படியே போட்டால் சுருங்கிக்கொள்ளும். பட்டன் பட்டைக்குச் சோற்றுக் கஞ்சி தடவி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அடியில் செய்தித்தாள் துண்டு வைத்தேன். பிறகு மிஷினில் காஜா அட்டாச்மென்ட்டை மாட்டினேன். துணியைத் தள்ளுகிற பல்லைத் தகட்டால் மூடிவிட்டால் துணியை நகர்த்துவது அட்டாச்மென்ட்டின் பொறுப்பு. பெடலை ஒரே சீராக மிதிப்பது மட்டும் என் பொறுப்பு. இரண்டு சுற்று. காலரில் ஒன்று படுக்கை, பட்டையில் ஐந்தும் நிமிர்ந்தது, கையில் ஒவ்வொன்று.

கடைசியில் வெட்டு. இதுதான் உயிர் போகிற இடம். இரண்டு முனையிலும் குண்டூசி குத்திவிட்டு நடுவில் பிளேடு வைக்க வேண்டும். ஊசி இல்லாவிட்டால் பிளேடு முனைத் தையலைத் தாண்டி ஓடிவிடும், சட்டை போச்சு.

ஒன்றுகூட ஓடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்? இந்த ஊரில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு காஜா கிடையாது. கோலியனூரில் அப்பா ஒரு போகம் மல்லாட்டை முழுவதையும் விற்று எனக்கு இந்த மிஷினை வாங்கினார். அட்டாச்மென்ட் மாமா பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்தது. கூடவே பிரெஞ்சில் ஒரு காகிதம். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு கூடை கந்தலைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இவர் வந்து சட்டையைப் பார்த்தார். "ம்." அவ்வளவு.

22-1-61, ஞாயிறு

இன்னும் சாப்பிடவில்லை.

வந்தவர்கள்: மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் சித்தப்பா. மாப்பிள்ளை சாது. தலை குனிந்தே இருந்தார், பெண்ணைவிட அதிகமாக. அம்மாக்காரிதான் எல்லாம். நல்ல ஆகிருதி. உட்கார்ந்ததும் வீட்டில் உள்ள பாத்திரம் முதற்கொண்டு கண்ணால் எடை போட்டுவிட்டாள்.

சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. செண்பகம் கொண்டுவந்து வைத்தாள். "எல்லாம் கொயந்தையே செஞ்சது" என்றார் அத்தை. நான் அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சரி, எல்லா வீட்டிலும் நடக்கிற பொய்தான். சிரிப்புக்கூட வந்தது.

பிறகு இவர் அந்தச் சட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுவும் எங்க செண்பா தெச்சதுதாங்க."

அந்த அம்மாள் சட்டையை வாங்கி, முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். விஷயம் தெரிந்தவள். காஜாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"மிஷின் காஜாவா?"

"ஆமாங்க."

"எங்க கடைக்குக் காஜா போடறதுதான் பெரிய பேஜாரா இருக்குது. பொண்ணுக்கு மிஷின் இருக்குதா?"

இவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "தோ இருக்குதுங்களே. அதோட மிஷின்தான்." என் மிஷினைக் காட்டினார். நான் காலையில் துடைத்து, பூத்தையல் போட்ட உறை மாட்டி வைத்திருந்தேன்.

செண்பகம் தரையைப் பார்த்தாள். வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். இவள் கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடக்கூட என்னிடம்தான் வருவாள்.

போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

23-1-61, திங்கள்

பனி இல்லை. வெயில் சுள்ளென்று. பாப்பாவுக்கு இருமல் தேவலை.

இவரிடம் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.

"உன்னுதுன்னு சொல்லியிருந்தா இந்தக் காரியம் நடக்குமா? நீயே சொல்லு."

"என்னுத எடுத்து அவளுதுன்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு?"

"கத்தாதே. கல்யாணம் ஆவட்டும், ரெண்டு மாசம் போவட்டும். ரிப்பேருன்னு சொல்லிட்டு நானே போயி எடுத்துக்கினு வந்துடறேன். பாப்பா மேல சத்தியமா."

குழந்தை மேல் சத்தியம் செய்யாதீர்கள் என்று அதற்கும் ஒரு சண்டை.

அத்தை வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது: "மிஷின் போனா இன்னொண்ணு வரும். நாத்தனாருக்குக் குடுக்கக் கூட மனசு வரல பாரு."

இன்னொன்று எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லவில்லை.

6-2-61, திங்கள்

செண்பகத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் எனக்கே. வேறு யாருக்கு?

இன்று பாடம்: 1. கஞ்சி. 2. தகடு. 3. அட்டாச்மென்ட்டின் கவை, ஊசி பிடிக்கிற திருகின் மேல் உட்கார வேண்டும். 4. மிதிக்கும்போது வாய் பேசக் கூடாது.

நாலாவதுதான் அவளுக்கு ஆகவில்லை. கொட்டாயில் என்ன படம், யார் என்ன புடவை. நூல் அறுந்தது மூன்று தடவை. கோபமாகப் பேசினால் கன்னத்தைப் பிடித்து "அண்ணி, அண்ணி" என்கிறாள். கோபத்தைக்கூட வைத்திருக்க விடமாட்டாள்.

இன்னொரு தொல்லை. அத்தை ஒரு காலத்தில் கடைகளுக்குக் கையால் காஜா எடுத்துக் கொடுத்தவர். கைக் காஜாவுக்கு முதலில் துணியை வெட்டிவிட்டுப் பிறகு ஓரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். மிஷினுக்கு நேர் எதிர். முதலில் தையல், கடைசியில் வெட்டு. செண்பகம் பிறந்ததிலிருந்து பார்த்தது அம்மா கையை. பிளேடைத்தான் முதலில் எடுக்கிறாள். நான் கையைத் தட்டினால் சிரிக்கிறாள்.

"தெச்ச பெறகு வெட்டறதுக்கு பயமா இருக்குது அண்ணி. நல்லா தெச்சத நானே அறுத்துட்டா?"

"ஊசி குத்திட்டு வெட்டு, அறுக்காது."

"அறுத்துட்டா?"

அறுத்தால் திரும்பத் தை. வேறு என்ன சொல்ல?

5-3-61, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் வீக்கம்.

சீர் சாமான்கள் மண்டி லாரியில் போயின. அண்டா, குத்துவிளக்கு, கட்டில், மெத்தை. கடைசியாக மிஷின். அதன் தலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அத்தைதான் வைத்தார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "மிஷினெல்லாம் குடுக்கறாங்கடி" என்று ஒருத்தி. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "ஜல்தி, ஜல்தி, மேல தூக்கு, மெதுவா" என்று ஆள்களை விரட்டினார். மெதுவாகவாம். அந்த மிஷினை ஒருநாள் துடைத்ததில்லை.

அப்பாவும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். பந்தியில் மோர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

21-4-61, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வடகம் போட்டேன், காக்காய் பாதி.

மிஷின் நின்ற இடத்தில் அத்தை அரிசிப் பானையை வைத்துவிட்டார். தரையில் நாலு கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது, அதன் மேல்.

டீச்சரம்மா வந்தார், ரவிக்கைத் துணியோடு. மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். "எப்ப வரும்?" சீக்கிரம் வரும் என்றேன். துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இந்த மாதத்தில் இப்படிப் போனவர்களில் இவர் எத்தனாவது என்று எண்ண மனமில்லை.

கையால் தைத்துப் பார்த்தேன், பாப்பா கவுன். பட்டன் துவாரம் பூனை நகத்தால் கிழித்தது மாதிரி இருக்கிறது. எனக்குக் கைக் காஜா வராது. எனக்கு வருவது அந்த மிஷினில் மட்டும்தான்.

11-6-61, ஞாயிறு

இவர் தி.வனம் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். கூடை நிறைய மாம்பழம், இவருக்கு இரண்டு ரெடிமேட் சட்டை. ஆளே ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி திரும்பினார்.

"கேட்டீங்களா?"

"என்னத்த?"

"என் மிஷின."

"கேக்கற மாதிரியா இருந்துச்சு? மாப்பிள்ள மடியில துண்டு போட்டு சோறு போடறாரு. அங்க போயி ரிப்பேரு, அது இதுன்னா நல்லாவா இருக்கும்? ஆடிக்கு செண்பா வருவா இல்ல. அப்ப பாத்துக்கலாம்."

இரண்டு மாசம் ஆடியாகிவிட்டது. சட்டைகளின் காஜாவைப் பார்த்தேன். கையால் போட்டது. அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் மாம்பழம் உரிக்கப் போய்விட்டேன். பாப்பா சட்டையெல்லாம் கறை.

17-7-61, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. நேற்று இவர் போய் முறைப்படி செண்பகத்தை அழைத்துவந்தார். காற்று அதிகம், வாசல் முழுக்கப் புழுதி.

மிஷின் வரவில்லை. டிரங்குப் பெட்டி ஒன்று, அவள் ஒருத்தி. முகம் சுண்டிப்போயிருக்கிறாள். அத்தை எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தார், அழுகையாகப் பொங்குகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. கிணற்றடியில் என்னிடம்தான் சொன்னாள்.

மில் ஆள்களுக்கென்று ஒரே மாதிரி காக்கிச் சட்டை ஆர்டர் வந்திருக்கிறது. காஜா இவள் பொறுப்பு. முதல் சட்டையில் ஒழுங்காகத் தைத்துவிட்டுக் கடைசியில் வெட்டும்போது கை தவறி முனையை அறுத்துவிட்டாள். மாமியார் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கிறாள். பயம் வந்துவிட்டது. மறுநாள், இனி அறுந்துபோகிற பேச்சே வேண்டாம் என்று, மீதிச் சட்டைகள் எல்லாவற்றிலும் முதலில் வெட்டிவிட்டு, வெட்டிய துளையோடு மிஷினில் கொடுத்திருக்கிறாள். ஊசி எங்கே பிடிக்கும்? நூல் நூலாகப் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டன. ஒரு கட்டுச் சட்டை முழுவதும்.

"நீ தெச்சேன்னு காட்டின சட்டைய உன் கையால தெச்சதா, சொல்லு பாக்கலாம்னு கேட்டாங்க அண்ணி. நான் ஒண்ணும் பேசல."

"அப்புறம்?"

"ஆடிக்குப் போறவ, ஆவணிக்கு வர்றியா இல்லையான்னு நாங்க சொல்லி அனுப்பறோம்னாங்க."

வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டேன். பாதாளக் கரண்டி போட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்லப் போவதில்லை. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றியது: இவளை அவர்கள் அழைக்காவிட்டால் சீர் சாமானெல்லாம் திரும்பி வரும். அண்டா, கட்டில், மிஷின். நெஞ்சு ஒரு நிமிடம் லேசாயிற்று. அவள் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

2-8-61, புதன்

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. கேப்பைக் கூழ், கோயிலில் ஊற்றினார்கள்.

செண்பகம் மூலையிலேயே கிடக்கிறாள். அத்தை அவளைப் பார்த்து ஒரு அழுகை, என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. "ஒயுங்கா சொல்லிக் குடுத்திருந்தா இப்படி ஆவுமா? வேணும்னே பாதி சொல்லி பாதி மறச்சி இருப்பா."

பார்க்கச் சகிக்காமல் நான்தான் அவளை எழுப்பினேன். இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, பென்சிலால் கோடு போட்டு, இரண்டு முனையிலும் ஊசி குத்தி, நடுவில் வெட்டு என்றேன். மிஷின் இல்லாமல் வெட்டுப் பாடம் மட்டும். ஊசியில் பிளேடு முட்டி நிற்கிற சத்தம் ஒன்று இருக்கிறது, டிக் என்று. அது காதுக்குப் பழகினால் பயம் போய்விடும். இன்று வேட்டி பாதி தீர்ந்தது. கை தவறுவது குறைந்திருக்கிறது.

அவளைக் கரையேற்ற எனக்கு என்ன தலையெழுத்து? தெரியவில்லை. சும்மா கிடந்து அழுவதைவிடக் கை வேலை நல்லது என்று மட்டும்தான் நினைத்தேன்.

16-8-61, புதன்

ஆடி முடிந்தது. சேதி வரவில்லை. ஆளும் வரவில்லை.

தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா, பொண்ணு இன்னும் போவலியா?" அத்தை குழாயடிக்கே போவதில்லை. தண்ணீரும் நானே.

இவர் மண்டியிலிருந்து மத்தியானமே வந்து உட்கார்ந்தார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிவிட்டு:

"நீலா, நீ ஒரு வார்த்த வந்து பேசினா சரியாப்பூடும்."

"நான் இன்னா பேசறது?"

"தையல் விஷயம் உனக்குத்தானே தெரியும்."

இப்போது தெரிகிறதா? சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன். "வர்றேன். அங்க உள்ளதச் சொல்லுவேன்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்காமல் வைத்துவிட்டார்.

20-8-61, ஞாயிறு

காலை பாசஞ்சரில் மூவரும். இவர், நான், செண்பகம். பாப்பா அத்தையிடம். மயிலம் வரும்போது செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பி மலைக்குக் கும்பிடு போட்டாள். நானும் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், என் மிஷின் என்றுதான்.

கடைக்குப் பின்னால் வீடு. கொடி முழுக்க சட்டை. கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்: மாப்பிள்ளையின் அம்மா, சித்தப்பா, தெருவில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை தூணோரம். ஜன்னல் அருகே மிஷின். உறை இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பாபின் போடுகிற இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது. எண்ணெய் காட்டியே மாதக்கணக்காகியிருக்கும்.

சித்தப்பா இவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"அம்மா, நீ கொயந்த குட்டிக்காரி. பொய் சொல்ல மாட்ட. அந்தச் சட்டைய யார் தெச்சது? இந்த மிஷின் யாருது? உள்ளதச் சொல்லிடு, ஒரு வயக்கும் இல்லாம முடிச்சிடலாம்."

வாய் வரை வந்துவிட்டது. என்னுடையது, என் அப்பா வாங்கிக் கொடுத்தது. நாலு வார்த்தை. சொல்லியிருந்தால் இன்றைக்கே வண்டி ஏறியிருக்கும், மிஷினும் அவளும்.

செண்பகம் அடுப்படி வாசலில் நின்றாள். அழவில்லை. புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்து நின்றாள், வெட்டப் போகும் முன்னால் துடைப்பாளே அப்படி.

"அவளுதுதாங்க" என்றேன். "சட்டையும் அவ தெச்சதுதான். நான் கூட அவகிட்டதான் கத்துக்கினேன்."

"அப்ப இத்தினி சட்ட எப்படி வீணாச்சு?"

"அட்டாச்மென்ட் ஸ்க்ரூ லூசு ஆயிருக்குது. தூரத்துல வர்றப்ப லாரியில ஆடி இருக்கும். ஊசி வேற எடத்துல குத்தியிருக்குது. அவ சின்னப் பொண்ணு, சொல்லத் தெரியாம பயந்துட்டா."

ஸ்க்ரூவை முறுக்குவது போல் நாலு முறுக்கு முறுக்கினேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

"அப்படின்னா இப்ப ஒண்ணு போட்டுக் காட்டட்டும்" என்றாள் அந்த அம்மாள்.

போட்டாள். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் கை பிளேடுக்குப் போயிற்று. மிஷினுக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். கையை இழுத்துக்கொண்டாள். கஞ்சி, காகிதம், தகடு. இரண்டு சுற்று. நான் குண்டூசி எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டது, டிக், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. அந்த அம்மாள் நகத்தால் சுரண்டினாள். இழுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"சரி. உள்ள போயி காப்பி போடு" என்றாள் மருமகளைப் பார்த்து.

அவ்வளவுதான். முடிந்தது.

வரும்போது ரயிலில் இவர் ஒரே உற்சாகம். முறுக்கு வாங்கிக் கொடுத்தார். "ஸ்க்ரூ லூசுன்னு எப்படித்தான் தோணுச்சோ உனக்கு!" என்று முண்டியம்பாக்கம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

27-8-61, ஞாயிறு

ஊரெல்லாம் செண்பகம் போய்விட்ட செய்தி. அத்தை குழாயடிக்குப் போகிறார், சத்தமாகப் பேசுகிறார். "ஸ்க்ரூதான் லூசாம். எம் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல." என்னிடம்: "ரெண்டு நாளா தோசைக்கு அரைக்கலியா?"

நன்றி எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை.

10-9-61, ஞாயிறு

இரண்டு நாளாக நல்ல மழை. கூரை ஒழுகி, அரிசிப் பானையை நகர்த்தியாயிற்று. அந்த இடம் காலி.

இவரிடம் கேட்டேன். கல்யாணம் ஆயிற்று, ஆடியும் போயிற்று, அவளும் நன்றாக இருக்கிறாள். தீபாவளிக்கு நாலு ரவிக்கை தைக்கலாம், மிஷினை எடுத்து வாருங்கள்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்துதான் பேசினார்.

"இன்னா சொல்லி எடுத்துக்கினு வர்றது?"

"என்னுதுன்னு சொல்லித்தான்."

"அத்தினி பேர் முன்னாடி அவளுதுன்னு நீதானே சொன்ன? நான் சொன்னனா?"

ஜனவரியில் யார் சொன்னது என்று கேட்டேன். அது வேறு, அப்போது பெண் பார்க்க வந்த இடத்தில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதாம். நான் சொன்னது பெரிய மனிதர்களை வைத்துக்கொண்டு சொன்னதாம்.

"அப்படி வேணும்னா செண்பாவையே கேளு. அவ குடுத்தா நானா வேணான்னு சொல்லப் போறேன்?"

கேட்கத்தான் போகிறேன்.

24-9-61, ஞாயிறு

வெயில், இடையில் தூறல். தி.வனம் போய் வந்தோம். அதிரசம் ஒரு டப்பா எடுத்துப் போனேன்.

செண்பகம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தீபாவளி ஆர்டராம், இரண்டு பக்கமும் சட்டைக் குவியல். பேசிக்கொண்டே மிதிக்கிறாள், நூல் அறுவதில்லை. பார்க்காமலேயே வெட்டுகிறாள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தையல் நெருக்கம், முனை உருட்டு. என்னுடையதைவிடச் சுத்தம். மாமியார் அவளுக்குப் பக்கத்தில் மோர் டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

மாமியார் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். நேராகத்தான் கேட்டேன். மிஷினை அனுப்பு செண்பகம், உங்கள் கடைக்கு வேறு ஒன்று வாங்கிக்கொள்ள முடியும், எனக்கு முடியாது.

மிதிப்பதை நிறுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை, அவளை எனக்குத் தெரியும்.

"எப்படி அண்ணி? இப்ப போயி உங்களுதுன்னு சொன்னா, அன்னிக்கு சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். என்னத் திரும்பவும் அங்க கொண்டாந்து விட்டுடுவாங்க."

கையை உருவிக்கொண்டு, சரிந்திருந்த சட்டைகளை அடுக்கினேன்.

"உங்களுக்குக் காஜா ஏதாவது வந்தா துணிய குடுத்து அனுப்புங்க அண்ணி. நானே நீட்டா போட்டு அனுப்பறேன். உங்களுக்கு இல்லாமயா?"

சரி என்றேன். காப்பி கொடுத்தாள், குடித்தேன். இவர் மாப்பிள்ளையோடு கடையில் உட்கார்ந்து சட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கேட்டார், "இன்னா சொன்னா?"

"துணிய அனுப்பினா போட்டு அனுப்பறாளாம்."

"தங்கமான பொண்ணு" என்றார்.

ஆடியோடு அவளை இங்கேயே இருக்க விட்டிருக்க வேண்டும். இதை எழுத எனக்குக் கூச்சமாக இல்லை.